தாய்வழியும் வம்சம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் முன்னோர் வழியை நிரூபித்துச் சேரும் வம்சாவளிச் சங்கங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவை வெள்ளைக்காரர்களின் குலப்பெருமைக் கூடங்கள், நம்மவர்களுக்கு அங்கே வேலையில்லை என்ற தொனியில் அது முடிந்திருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. என் பேத்தி இப்போது அப்படி ஒரு சங்கத்துக்குத்தான் விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறாள்.

1890-ல் தொடங்கிய 'டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' அது. அமெரிக்க விடுதலைப் போருக்குத் துணை நின்ற ஒருவரின் நேரடி வாரிசு என்று நிரூபித்தால், 18 வயது நிறைந்த எந்தப் பெண்ணும் சேரலாம். அந்த முன்னோர் துப்பாக்கி தூக்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. படைக்குத் தானியம் கொடுத்தவர், விசுவாசப் பிரமாணம் எடுத்தவர், போர்ச் செலவுக்கு வரி கட்டியவர் எல்லோரும் கணக்கில் வருவார்கள். என் மகன் தமிழன், மருமகள் ஒஹாயோவில் பிறந்தவள். குலம், கோத்திரம் என்றால் அப்பா வழிதான் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே மகளின் மகளின் மகள் என்று இறங்கி வந்தாலும் செல்லும். அம்மா வழியில் என் பேத்திக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆனால் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாய்ப்பத்திரம் இல்லாத சொத்தை எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் இவர்களும் பார்க்கிறார்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறது, பாட்டி சொன்னார் என்பதெல்லாம் எடுபடாது. ஒவ்வொரு தலைமுறையையும் முந்தைய தலைமுறையோடு சேர்க்கும் ஆதாரம் வேண்டும்.

பேத்தி, அம்மா, பாட்டி வரை சான்றிதழ்களே போதும். அதற்கு மேலேதான் சிக்கல். 1850-க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. கல்யாணமாகிப் பெயர் மாறிய பெண் அதோடு காணாமல் போய்விடுகிறாள். எங்கள் வழியிலும் அப்படி ஒருத்தி இருந்தாள், யார் மகள் என்றே தெரியவில்லை. கடைசியில் பென்சில்வேனியாவில் ஒரு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அவள் அப்பாவின் உயிலுக்கு நகல் கிடைத்தது. மங்கிய எழுத்தில், மகள் பெயர், இன்னார் மனைவி என்று எழுதி, அவளுக்கு ஒரு இறகு மெத்தையும் ஒரு கறவைப் பசுவும் விட்டிருந்தார். அந்த ஒற்றை வரிதான் இரண்டு தலைமுறைகளைச் சேர்த்தது. அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

போர்வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டுக் கொடுத்த மனுக்களும் பெரிய புதையல். கல்யாணத்தை நிரூபிக்க, குடும்ப பைபிளில் பிறப்பு, திருமண விவரம் எழுதியிருந்த தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு.

கட்டுரையாளரின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1939-ல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு இதே சங்கம் தன் அரங்கைத் தர மறுத்தது. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதற்காகச் சங்கத்திலிருந்தே விலகினார். அது அழியாத கறை. ஆனால் 1977-ல் கேரன் பேட்சலர் என்ற கறுப்பினப் பெண், ஆவணங்களால் தன் வழியை நிரூபித்து உறுப்பினரானார். கதவு திறந்தது இப்படித்தான். நம் பேத்திகளும் அந்த வழியாகப் போகட்டும் என்கிறேன். நிறத்தைப் பார்த்து நாமே ஏன் அவர்களை ஒதுக்க வேண்டும்?

இப்படிக் கலப்புத் திருமணம் நடந்த குடும்பங்கள் இங்கே நிறைய. சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே பழைய பைபிள், கடிதம், கல்லறைப் படம் எங்கே என்று கேட்டு வையுங்கள். சங்கத்தின் முன்னோர் தரவுத்தளத்தை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உள்ளூர்க் கிளைப் பதிவாளரும் உதவுவார். 18 ஆகாத பிள்ளைகளுக்கு, 1895-ல் தொடங்கிய 'சில்ட்ரன் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' இருக்கிறது. அதில் பையன்களும் சேரலாம். இந்த விவரங்களையும் வாசகர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
ஒஹாயோ, அமெரிக்கா