மைக்ரோகண்ட்ரோலர் வகுப்புக்கு நூலகத்துல ஒரு ரூம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க ஊர்ல எலக்ட்ரானிக்ஸ பொழுதுபோக்கா பண்றவங்க சில பேர் சேர்ந்து மைக்ரோகண்ட்ரோலர் (சாதனங்கள கட்டுப்படுத்துற குட்டி கம்ப்யூட்டர் சிப்) புரோகிராமிங்குக்கு ஒரு அறிமுக வகுப்பு நடத்தினாங்க, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பீஸ் எதுவும் இல்ல. நானும் போயிருந்தேன். ஸ்கூல் பசங்க, பாலிடெக்னிக் பசங்க, ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர், தையல் மிஷின் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்னு எல்லாரும் ஒரே டேபிள்ல உக்காந்தாங்க. ரெண்டு பேருக்கு ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, அதாவது மைக்ரோகண்ட்ரோலர் சிப்ப வச்சு பழகுறதுக்கான சின்ன சர்க்யூட் போர்டு. அதுல உள்ள சிப்புக்கு புரோகிராம் வைக்க 32 கேபி தான் இடம், நம்ம போன்ல எடுக்குற ஒரு போட்டோவ கூட அதுல வைக்க முடியாது, ஆனா லைட்டு, மோட்டார், சென்சார் எல்லாத்தையும் அது ஓட்டும்.

மொதல்ல போர்டோட 13வது பின்ல (பின்னுன்னா சிக்னல் போய் வர்ற இணைப்பு) இருக்குற எல்இடி லைட்ட மின்ன வச்சாங்க, அது எல்லாருக்கும் உடனே வந்துருச்சு. அடுத்து ஒரு பட்டன மாட்டுனப்ப தான் விஷயமே. ஒரு பையன் பட்டன தொடவே இல்ல, கைய பக்கத்துல கொண்டு போனாலே லைட்டு எரியுது அணையுது, போர்டு போச்சுன்னு பயந்துட்டான். சொல்லிக்குடுத்தவர் உடனே சரி பண்ணி குடுக்காம, இப்ப அந்த பின் எதோட சேந்திருக்குன்னு கேட்டாரு. பட்டன அமுக்காதப்ப அது எதோடயும் சேரல, அந்தரத்துல தொங்குது, அதனால நம்ம கையில இருந்து வர்ற சின்ன கரண்ட் சலனத்தை கூட சிக்னல்னு எடுத்துக்குது. சிப்புக்குள்ளயே இருக்குற புல்லப் ரெசிஸ்டர (பட்டன அமுக்காதப்ப பின்ன 1லயே இழுத்து நிறுத்துற ரெசிஸ்டர்) ஆன் பண்ணி, பட்டனோட இன்னொரு கால கிரவுண்டுல (0 வோல்ட்) போட்டதும் அடங்கிருச்சு. அப்புறம் அமுக்குனா 0, விட்டா 1னு தலைகீழா வரும், அது ஏன்னு அந்த பையனே மத்தவங்களுக்கு சொன்னான். 1980ல வந்த இன்டெல் 8051ங்குற மைக்ரோகண்ட்ரோலர் சிப்ப பல காலேஜ்ல இன்னும் பாடமா வச்சிருக்காங்க, அத தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா பரீட்சைக்கு எழுதுற புல்லப்புக்கும் கையால மாட்டி பாக்குற புல்லப்புக்கும் எவ்வளவு தூரம்னு அன்னைக்கு தான் பாத்தேன்.

நேரம் தான் பத்தல. ஹால குறிச்ச நேரத்துல காலி பண்ணணும்னு கண்டிஷன், வாடகையும் அவங்க கைக்காசு. அதுல பாதி நேரம் லேப்டாப்புக்கு டிரைவர் (போர்ட கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுக்க வேண்டிய சாப்ட்வேர்) ஏத்துறதுலயும், சார்ஜ் மட்டும் ஏறுற யூஎஸ்பி கேபிள கண்டுபிடிச்சு மாத்துறதுலயும் போயிருச்சு (அந்த கேபிள்ல டேட்டா வயரே இருக்காது, போர்டு கம்ப்யூட்டர்ல தெரியவே தெரியாது). அடுத்த தடவை சாப்ட்வேர வீட்லயே ஏத்திட்டு வாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டா நல்லது.

நூலகத்துறைக்கு என் கோரிக்கை இது தான். மதுரையில 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி பெருசா இருக்கணும்னு இல்ல, மாவட்ட மைய நூலகங்கள்லயும் இடம் இருக்குற கிளை நூலகங்கள்லயும் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ரூம், நாலஞ்சு பிளக் பாயிண்ட், வாடகை இல்லாம இந்த மாதிரி குழுக்களுக்கு குடுங்க. போர்டு, வயர் எல்லாம் அவங்களே கொண்டு வந்துருவாங்க. உங்க பேப்பர்ல கோயில், இலக்கிய கூட்டம்லாம் போடுற நிகழ்ச்சி பகுதியில இந்த வகுப்புக்கும் ரெண்டு வரி இடம் குடுத்தீங்கன்னா, வாட்ஸ்அப் குரூப்ல இல்லாத பசங்களுக்கும் தகவல் போய் சேரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை