தேதி போடாத தற்காலிகம்

அன்புள்ள கண்ணம்மா,

போன் பண்ணினால் எடுப்பதில்லை. ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, அப்படி என்று உன் அப்பா சொல்கிறார். இருக்கலாம். ஆனால் விமானம் ஏதாவது ஒரு நேரத்தில் இறங்கத்தானே செய்கிறது? இறங்கினேன், சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன் என்று மூன்று வார்த்தை தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்பா ராத்திரியானால் விமானம் போகும் வழியைக் காட்டும் அந்த ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். முன்பெல்லாம் நீயே விமான நம்பரைச் சொல்லுவாய், அந்த ஒன்றை மட்டும் பார்ப்பார். இப்போது உன் கம்பெனி விமானம் எது போனாலும் விரலை வைத்து, “இது அவளாக இருக்கும்” என்கிறார். நம்பர் கேட்கச் சொன்னால், கேட்டால் கோபித்துக்கொள்வாள் என்கிறார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கண்ணாடியும் மாற்றியாயிற்று. சித்தி பெண் விஷயம் நீ சொன்ன மாதிரியேதான் ஆனது, நேரில் சொல்கிறேன். லோன் எடுத்தபோது அப்பாவின் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தாய் அல்லவா, அதில் உன் ஆபீஸ் கடிதங்களும் சில சமயம் வந்து விழுகின்றன. முகவரியை மாற்றிக்கொள். எங்களுக்கு அதையெல்லாம் திறக்கவும் தெரியாது.

நான் எழுத வந்தது வேறு. விமானக் கம்பெனிகள் விமானிகளிடம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வதைப் பற்றிப் பேப்பரில் நிறைய வருகிறது. உன் கம்பெனியைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்கச் சம்பளப் பிரிவில் உட்கார்ந்தவள் நான். அடுத்தவர் சம்பளச் சீட்டைப் பார்த்தாலும் கை கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடும், உனக்குத் தெரியாததா.

2024-ல் விஸ்தாரா விமானக் கம்பெனியில் நடந்ததை எடுத்துக்கொள். ஏர் இந்தியாவோடு சேரப்போகிறோம், இனி எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம் என்று புதிதாக ஒன்றை நீட்டினார்கள். அதுவரை மாதத்துக்கு 70 மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அந்தச் சம்பளம் உறுதி. புதிய ஒப்பந்தத்தில் அது 40 மணி நேரம். அதற்கு மேல் ஓட்டினால் மணிக்கு இவ்வளவு என்று தனியாகத் தருவார்களாம். மேலோட்டமாகப் பார்த்தால், நிறைய ஓட்டுகிறவருக்கு நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் ரோஸ்டர் போடுவது யார்? என்ஜின் கிடைக்காமல் விமானம் நின்றால், பனிமூட்டத்தில் ரத்தானால், சீசன் இல்லாமல் இருக்கை காலியானால், அந்த நஷ்டம் அதுவரை கம்பெனியின் நஷ்டம். 70-ஐ 40 ஆக்கிய அன்றிலிருந்து அது விமானியின் நஷ்டம். உறுதியான மணி நேரத்தில் நூற்றுக்கு 43 போயிற்று, ஆனால் சம்பளத்தைக் குறைத்தோம் என்று ஒரு வரி எங்கும் இருக்காது. கணக்கு எழுதுகிறவளாக அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும். விமானிகள் விடவில்லை. ஓட்ட ஆள் இல்லாமல் விமானங்கள் ரத்தாகி, கடைசியில் கம்பெனியே ஒரு நாளைக்கு 25, 30 விமானங்களைக் குறைத்துக்கொண்டது.

அதனால்தான் சொல்கிறேன், எதில் கையெழுத்துப் போட்டாலும் முழுதும் படித்துவிட்டுப் போடு. ராத்திரி டியூட்டி முடிந்து வந்த கண்ணோடு போடாதே.

எப்போதும் விமானிகளிடம் ஏன் முதலில் வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சம்பளம் அதிகம், அதனால் கேட்கிறார்கள் என்பார்கள். அது பாதிதான் உண்மை. விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவனுக்குப் பணம் போகாவிட்டால் விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எண்ணெய்க் கம்பெனி குழாயை மூடிவிடும். விமான நிலையக்காரன் இறங்கவே விடமாட்டான். பாக்கி வைத்தாலும் மறுநாள் காலையில் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருகிறவர் விமானி ஒருவர்தான். எங்கே போவார்? வேறு கம்பெனிக்குப் போனால் சீனியாரிட்டி கடைசி ஆளாகப் போய்விடும். கேப்டன் இருக்கைக்கு நின்ற வரிசையை விட்டு இன்னொரு வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். ஓட்டக் கற்றுக்கொண்ட ரக விமானம் அங்கே இருக்க வேண்டும். இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டில் பாக்கி இருந்தால் அதையும் கட்ட வேண்டும். அவர் போக முடியாது என்று தெரிந்துதான் அவரிடம் வருகிறார்கள்.

உன் படிப்பு மேஜைக்கு மேலே ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய கேப்டன் சல்லன்பெர்கர் படத்தை ஒட்டி வைத்திருந்தாய். 155 பேரையும் உயிரோடு கரை சேர்த்தவர் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாய். அது 2009 ஜனவரி. அடுத்த மாதமே அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய், என் சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டப்பட்டது, பென்ஷனும் போயிற்று என்று சொல்லியிருக்கிறார். தங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்புகிற ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னாராம். இதை நான் இப்போதுதான் படித்தேன். அப்போதே படித்திருந்தால் பணம் கட்டியிருக்கவே மாட்டேன். அப்புறம் நீ கேப்டன் தோளில் இருக்கும் நாலு கோடுகளுக்கு ஆசைப்பட்டு மூன்று கோடு போட்டுக்கொண்டு வந்து நின்றதை நான் பார்த்திருக்கவும் முடியாது. அன்றைக்கு அப்பா போட்டோ எடுக்கிறேன் என்று எடுத்த படத்தில் உன் தொப்பியும் அவர் கட்டைவிரலும்தான் இருக்கின்றன, அதையும் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

லோனைப் பற்றிக் கவலைப்படாதே. அதை நினைத்துக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. நாங்கள் என்றைக்காவது அதைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது என்றால் இருக்கட்டும், அது அங்கே பத்திரமாகத்தான் இருக்கும். போன இரண்டு தவணையும் மாதக் கடைசியில் போயிருக்கிறது என்று அப்பாதான் பார்த்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. முன்பு ஒன்றாம் தேதியே போய்விடும்.

எங்கள் கம்பெனியில் சம்பளம் குறைத்த கதை உனக்குப் பாதி தெரியும். நீ சின்னப் பிள்ளை, புதுச் செருப்பு வாங்கித் தரவில்லை என்று அழுதாயே, அந்த வருஷம். நிலைமை சீரடையும்வரை தற்காலிகமாக என்று சர்க்குலர் வந்தது. திரும்பத் தரப்போகிற பணம்தானே என்று எங்கள் மேலாளர் அந்தக் கழிவுக்கு மட்டும் பதிவேட்டில் தனிக் கட்டம் போட்டுப் பென்சிலால் எழுதச் சொன்னார். நான்தான் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவர் பேருக்கு நேராகவும் பென்சிலால் எழுதுவேன், தேய்ந்த இடத்தில் மறுபடி எழுதுவேன். வருஷம் முடிந்து புதுப் பதிவேடு வந்தபோது அந்தக் கட்டம் வேண்டாம் என்றார்கள். கழிந்தது போக மிச்சத்தையே அடிப்படைச் சம்பளமாக மையால் எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான். யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் எப்போது திருப்பித் தருவோம் என்று சர்க்குலரில் தேதியே இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, எல்லாம் அந்த அடிப்படையிலிருந்துதான் கணக்காயிற்று. என் கிராஜுவிட்டியும்தான்.

ஒன்றும் விட்டுக்கொடுக்காதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நிஜமாகவே மூழ்குகிற கம்பெனியும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் விமானிகள் மாதக்கணக்கில் சம்பளம் வராமலே ஓட்டினார்கள். சம்பளம் தராவிட்டால் ஓட்டமாட்டோம் என்று 2019 ஏப்ரல் 1-ஐக் குறித்தார்கள், பிறகு தாங்களே 15-க்குத் தள்ளினார்கள், அதையும் தள்ளிப் போட்டார்கள். 17-ஆம் தேதி ராத்திரியோடு கம்பெனியே நின்றுவிட்டது. அதற்குள் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பாதிக்கு மேல் விமானங்களை முடக்கிவிட்டார்கள். விமானிகள் விட்டுக்கொடுத்துப் பார்த்தும் அது பிழைக்கவில்லை. ஆகவே விட்டுக்கொடுப்பதா இல்லையா என்பது அப்புறம். கணக்கைக் காட்டுகிறார்களா என்பதை முதலில் கேள். விமானிகள் சங்கத்தின் ஆடிட்டர் உள்ளே போய்ப் பார்க்கலாமா? மேலே இருக்கிறவர்கள் எவ்வளவு குறைத்துக்கொண்டார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2003-ல், திவாலாகிவிடுவோம் என்று சொல்லி சங்கங்களையும் சேர்த்து ஊழியர்கள் எல்லோரிடமுமாக ஆண்டுக்கு 180 கோடி டாலர் குறைக்கச் சம்மதம் வாங்கினார்கள். விமானிகள் 23 சதவீதம் விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான், கம்பெனியை விட்டுப் போகாமல் இருப்பதற்காக உயர் அதிகாரிகளுக்குத் தனி போனஸும், திவாலானாலும் கை வைக்க முடியாதபடி அவர்கள் பென்ஷனுக்கு ஒரு டிரஸ்டும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது வெளியே வந்தது. தலைவர் டான் கார்ட்டி அந்த ஏப்ரலிலேயே பதவி விலகினார். அவர் போனார், 23 சதவீதம் திரும்பி வந்துவிடவில்லை.

சம்பளத்துக்குப் பதில் பங்கு தருகிறோம் என்று சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் 1994-ல் விமானிகளும் மெக்கானிக்குகளும் சம்பளத்தை விட்டுக்கொடுத்துக் கம்பெனியில் 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள். முதலாளிகளே நாம்தான் என்று பெருமை. 2002 டிசம்பரில் திவால். பங்குக்கு மதிப்பில்லை. 2005-ல் நீதிமன்ற அனுமதியோடு பென்ஷன் திட்டத்தையும் கைகழுவினார்கள். இதில் உனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை, நீ என்னைவிடப் படித்தவள். ஆனாலும் சொல்கிறேன். முழுதும் படி. தனியாகக் கையெழுத்துப் போடாதே, சங்கத்தில் காட்டு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தேதி கொடுத்துக் கேட்பதே, நாலு பேர் உட்கார்ந்து பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

சங்கத்தில் நீ எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. உன்னோடு பயிற்சியில் இருந்த அந்தப் பையன் முன்னால் நிற்பதாக அவன் அம்மா சொன்னாள். நீயும் நிற்கிறாயா என்று கேட்டாள், தெரியாது என்றேன். பெற்ற பெண்ணைப் பற்றித் தெரியாது என்று சொல்வது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? போகட்டும். நின்றால் நில். ஆனால் எல்லோரும் சேர்ந்து உடம்பு சரியில்லை என்று லீவு போடுகிற வேலையில் மட்டும் சேராதே. உன் மெடிக்கல் சர்டிபிகேட்தான் உன் பிழைப்பு. இல்லாத வியாதியைக் காகிதத்தில் எழுதி வைக்காதே. நிஜமாகவே தூக்கம் இல்லை, களைப்பு என்றால் அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடு, அந்த மாதச் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. 40 மணி நேரம்தான் உறுதி என்றாகிவிட்டால், பணத்துக்காகக் களைப்போடு ஓட்டத் தோன்றும். எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான். தவணை அல்ல.

கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றாலும் சொல். திட்டமாட்டேன். போடவில்லை என்றாலும் சொல். அப்பா திட்டமாட்டார்.

நம்பரையாவது அனுப்பு, மனுஷர் தூங்கட்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முதல் பக்கத்தில் ‘நம் குடும்பம்’ என்று ஐந்து இடத்தில் வருகிறது, அதைப் பார்த்து இளகிவிடாதே. இணைப்பு 2-ல் கடைசிக்கு முந்தின பத்தியைப் படி. லைசென்ஸ் போனால் வருகிற காப்பீட்டை இனி நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, சம்பளத்தைவிட அது பெரிய விஷயம். அதற்குக் கீழே ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்று இருப்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தேதி போட்டுத் தரச் சொல்.