கான்பெராவின் பழைய நாடாளுமன்றம்

அன்புள்ள சண்முகம்,

முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். நான் இன்னும் சிட்னியில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் மாப்பிள்ளை காரில் கான்பெராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மணி நேரப் பயணம், வழியெல்லாம் மேய்ச்சல் நிலம்தான்.

அந்த ஊரில் உனக்கு எழுதத் தோன்றிய இடம் பழைய நாடாளுமன்றம். திறந்தது 1927 மே 9. நம் டெல்லி வட்டக் கட்டடம் அதே ஆண்டு ஜனவரியில் திறந்தது. டெல்லியில் 144 தூண்களும் நம்மை மிரட்டும். இது வெள்ளை வெளேரென்று, நீளமாக, அடக்கமாக நிற்கிறது. தற்காலிகம் என்று சொல்லித்தான் கட்டினார்களாம். அந்தத் தற்காலிகம் 61 ஆண்டு ஓடியது! 1988இல் பின்னாலுள்ள குன்றின் மேல் புதியதைக் கட்டிக் குடிபோனார்கள். இப்போது இது ஜனநாயக அருங்காட்சியகம்.

உள்ளே லண்டன் நாடாளுமன்ற வழக்கப்படி பிரதிநிதிகள் சபைக்குப் பச்சை, செனட்டுக்குச் சிவப்பு. சபாநாயகர் நாற்காலியை நீ பார்க்க வேண்டும். லண்டன் நாற்காலியின் அச்சு அசலான நகல், பிரிட்டன் தந்த பரிசு. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் மரமும் அதில் இருக்கிறது. 1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் லண்டன் சபையோடு மூல நாற்காலியும் போய்விட்டது. போருக்குப் பிறகு அவர்களுக்குப் புது நாற்காலி செய்து அனுப்பியது ஆஸ்திரேலியா. நல்ல மொய் எழுதியிருக்கிறார்கள், போ.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே இருக்கும் நெருக்கடிதான். கடைசி ஆண்டுகளில், கட்டும்போது நினைத்ததைப் போலப் பல மடங்கு பேர் அதற்குள் வேலை பார்த்திருக்கிறார்கள். நிருபர்களின் அறைகளைப் பார்த்தால் நம் பழைய ஹாஸ்டல் அறை அரண்மனை. இரண்டு சபைக்கும் நடுவில் கிங்ஸ் ஹால் என்ற மண்டபம். பிரதமரோ எதிர்க்கட்சிக்காரரோ, பார்வையாளர்கள் நிற்கும் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். காலையில் சபையில் கிழித்தெறிந்தவரை மத்தியானம் நடைபாதையில் உரசிக்கொண்டு கடக்கவேண்டும். புதிய கட்டடத்தில் அமைச்சர்களுக்குத் தனிப் பகுதி, தனி வாசல். டெல்லியில் பழைய மைய மண்டபம்தான் எல்லாக் கட்சிக்காரர்களும் காபியும் வம்புமாக உட்கார்ந்த இடம். 2023இல் போன புதிய கட்டடத்தில் அப்படியொரு மண்டபமே இல்லை. வசதி கூடக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது குறைகிறது என்பது என் கட்சி. எனக்கு இது நஷ்டமாகத்தான் படுகிறது.

நீ உடனே 1975ஐ எடுத்துப் போடுவாய், தெரியும். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். செனட் பட்ஜெட் பணத்தை நிறுத்திவைக்க, நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமர் விட்லமைப் பதவி நீக்கினார். அன்று பிற்பகல் நாடாளுமன்றக் கலைப்பு அறிவிப்பை முன்வாசல் படியில் கெரின் செயலாளர் வாசிக்கிறார். அவருக்குப் பின்னால் முதுகை ஒட்டினாற்போல் விட்லம் நிற்கிறார். வாசித்து முடித்ததும் அதே ஒலிபெருக்கியில் அவர் பேசுகிறார். நெருக்கம் சண்டையை நிறுத்தாதுதான். ஆனால் யாரும் ஒளிந்துகொள்ள முடியவில்லையே!

அந்தப் படியில் நின்றால் எதிரே புல்வெளியில் பழங்குடி மக்களின் 'கூடாரத் தூதரகம்' தெரிகிறது. 1972 ஜனவரி 26 அன்று நான்கு இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டு ஆரம்பித்தது. சொந்த மண்ணிலேயே அயலாராகிவிட்டோம், அதனால் எங்களுக்கும் தூதரகம் வேண்டும் என்றார்கள். 1927 திறப்பு விழாவிலேயே ஜிம்மி கிளெமென்ட்ஸ் என்ற பழங்குடி முதியவர் வெறுங்காலோடு வந்திருக்கிறார். போலீஸ் அவரை விரட்டப் பார்க்க, கூட்டம் அவர் பக்கம் நின்றதாம். மாப்பிள்ளைக்கு நாற்காலி, எனக்கு இந்த மனிதர். திரும்பும்போது காரில் அதைப் பற்றித்தான் பேச்சு.

படங்களைப் பேத்தி உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அந்தப் பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. அப்புறம், என் கட்சிக்கு நீ எழுதப்போகும் மறுப்பை எதிர்பார்க்கிறேன். இந்தத் தடவை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுது.

அன்புடன்,
ராமநாதன்