பையை மிதக்கவிட்டால் மட்டும் கடல் மீன் பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டியை எங்கே வைப்பது, விளக்கு எவ்வளவு நேரம் எரியலாம் என்பதெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் கடல் மீன் வாங்குகிறவர்களுக்கும் சேர்த்து, பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு அப்புறம் மீனை விட்டுவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கப்பி, மோலி மாதிரி நல்ல தண்ணீர் மீன் வளர்ப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும், கடல் மீனுக்கு வராது. அப்படியே செய்து இரண்டு மீன்களைச் சாகக் கொடுத்தவள் நான்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முற்றத்தை ஒட்டிய பத்தியில், வெயில் நேராகப் படாத இடமாகப் பார்த்து 200 லிட்டர் தொட்டி வைத்தோம். ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கென்றே விற்கிற உப்பைக் கலந்து, ஆறு வாரம் மீனே இல்லாமல் ஓடவிட்டு, அம்மோனியா இல்லை என்று சோதித்த பிறகுதான் சென்னையில் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கினோம். ராத்திரி பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். காலையில் கடைக்காரர் சொன்னபடி மிதக்கவிட்டு, திறந்துவிட்டோம். இரண்டும் ஒரு மூலையில் தரையோடு ஒட்டி நின்று வேகவேகமாக மூச்சு வாங்கின. மறுநாள் ஒன்று போனது, அதற்கடுத்த நாள் இன்னொன்று. நான்காவது படிக்கிற என் மகள் அவற்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தாள்.

பையில் வந்த தண்ணீரைக் கொட்டாமல் கட்டி வைத்திருந்ததால் காரணம் தெரிந்தது. தெரிந்தவர் ஒருவரிடம், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியை இரவல் வாங்கி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், உப்பில்லாத தண்ணீரை 1 என்று வைத்துக்கொண்டு பைத் தண்ணீரின் அடர்த்தி 1.019, எங்கள் தொட்டியில் 1.025. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் லிட்டருக்கு எட்டு கிராம்போல உப்பு வித்தியாசம் அது. பல கடைகளில் உப்புச் செலவு குறையவும் ஒட்டுண்ணி அதிகம் பரவாமல் இருக்கவும் தண்ணீரை இப்படி நீர்க்க வைத்திருப்பது வழக்கம். அதைத் தப்பென்று சொல்லவில்லை, வாங்குகிறவரிடம் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

மாவடுவில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, கிட்டத்தட்ட அதுதான் அந்த மீனுக்கும் நடக்கிறது. கடல் மீனின் உடம்புக்குள் இருக்கிற உப்பு, கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் சதா வெளியே போய்க்கொண்டே இருக்கும், மீன் கடல் தண்ணீரையே குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளித்தான் உயிர் வாழ்கிறது. திடீரென்று உப்பு கூடினால் அந்த வேலைக்கு உடம்பு தயாராக இரண்டு மூன்று நாளாவது வேண்டும். பை மிதப்பதால் சரியாவது சூடு மட்டும்தான், உப்பு அல்ல.

சரி, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டுப் பழக்கலாமே என்பீர்கள். பக்கத்துக் கடையில் வாங்கி ஒரு மணி நேரத்தில் வீடு வந்துவிட்டால், உப்பு வித்தியாசமும் கொஞ்சமாக இருந்தால், செய்யலாம். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழுகிற மாதிரி முக்கால் மணி நேரம் விட்டால் போதும். ஆனால் எங்களைப் போல எட்டு மணி நேரம் பையிலேயே வந்த மீனுக்கு அதுவே எமனாகிவிடும். மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பி.எச். இறங்கிவிடுகிறது, அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடுகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் அதில் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் பி.எச். இறங்கிய தண்ணீரில் அது பெரும்பாலும் அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் கோலி சோடாவில் போவதுபோல வாயு போய்விடும், பி.எச். ஏறும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். அந்தத் தண்ணீரில் மீனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டு விடுவது நல்லது நினைத்துச் செய்கிற கெடுதல்.

அதனால் இப்போது நான் செய்வது வேறு. பஸ் ஏறுவதற்கு முன் கடைக்குப் போன் செய்து, உங்கள் தண்ணீரின் அடர்த்தி என்ன என்று கேட்டுக்கொள்வேன். இரண்டாம் கட்டில் 40 லிட்டரில் ஒரு தனித் தொட்டி வைத்து, அதை அந்த அளவுக்கே கலந்து வைத்துவிடுவேன், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளட்டும் என்று அதற்கான ஃபில்டர் ஸ்பாஞ்ச் பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். மீன் வந்ததும் விளக்கை அணைத்து, பையைத் திறக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, திறந்ததும் அளவை ஒரு தடவை சரிபார்த்து, உடனே மீனை மட்டும் எடுத்து விடுவேன். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. அப்புறம் நாளுக்கு 0.001 என்று உப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் எப்படியும் ஆவியாகும், அந்த ஒரு வாரம் மட்டும் குறைந்த இடத்தில் ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றினால் தானாக ஏறிவிடும். நான்கு வாரமாவது அங்கேயே இருக்கட்டும், வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் பெரிய தொட்டிக்குப் போவதற்கு முன்னால் தெரிந்துவிடும். இப்படி வந்த ஜோடி இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறது.

தொண்டிக் கடல் பக்கம்தானே, கேனில் பிடித்து வந்து ஊற்றலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கரையோரத் தண்ணீரில் அழுக்கும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும், மழை பெய்தால் உப்பின் அளவும் மாறும். சமையல் உப்பு வேண்டவே வேண்டாம்.

கோமாளி மீனையாவது தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்திலும் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் கடைகளில் விற்கிற கடல் மீன்களில் இன்னும் நிறைய, பவளப் பாறையிலிருந்து பிடித்து வந்தவைதான். அறியாமையால் ஒன்று செத்தால் அங்கே ஒன்று குறைகிறது.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். வரும் ஞாயிறு ஒரு பெட்டிச் செய்தியாகவாவது இந்தத் திருத்தத்தைப் போடுங்கள். கடைக்காரர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள்: பையின் மேல் தண்ணீரின் அடர்த்தி எவ்வளவு, எத்தனை மணிக்குக் கட்டியது என்ற இரண்டை மட்டும் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி