சராசரியோடு பிழை வரம்பையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருத்தாய்வுச் செய்திகளில் சராசரி மட்டும் வருகிறது. எத்தனை பேரைக் கேட்டார்கள், பிழை வரம்பு (உண்மைச் சராசரி எவ்வளவு தள்ளி இருக்கக்கூடும் என்ற அளவு) எவ்வளவு என்பது வருவதில்லை. அவை இல்லாத சராசரியை எடைபோட வழியில்லை.

கணக்கு எளிது. குலுக்கல் முறையில் எடுத்த 25 பேரின் பயண நேரச் சராசரி 52 நிமிடம், திட்ட விலக்கம் (ஒவ்வொருவரின் நேரமும் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 10 நிமிடம் என்று வையுங்கள். 25-இன் வர்க்கமூலம் 5. 10-ஐ 5-ஆல் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி சராசரி மாறும் அளவு, 2. 95 சதவீத நம்பிக்கைக்கான வரம்பைக் காணப் பலரும் இதை 1.96-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அது தவறு. திட்ட விலக்கமே அந்த 25 பேரிடமிருந்து மதிப்பிட்டதுதான். அந்த ஐயத்தையும் சேர்க்கவே 1908-இல் புள்ளியியலாளர் காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில், சிறு மாதிரிகளுக்குச் சற்றுப் பெரிய பெருக்கெண் தரும் டி பரவலுக்கு வழிவகுத்தார். 25-இல் ஒன்று குறைத்து, 24-க்கு உரிய டி மதிப்பை அட்டவணையில் பார்த்தால் 2.064; திட்டப்பிழை 2-ஐ இதனால் பெருக்க வேண்டும். ஆக வரம்பு 4.13, இடைவெளி சுமார் 47.9 முதல் 56.1 வரை.

இதை '95 சதவீதம் பேரின் பயணம் இதற்குள்' என்று எழுதிவிடாதீர்கள். இது மக்கள்தொகைச் சராசரிக்கான இடைவெளி. இதே முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஏறக்குறைய 95 சதவீத முறை உண்மைச் சராசரி உள்ளே விழும்.

பிழையைப் பாதியாக்க ஏறத்தாழ நான்கு மடங்கு பேர் வேண்டும். ஆனால் விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதிலளித்த ஆய்வில் லட்சம் பேர் இருந்தாலும் சாய்வு, அதாவது ஒரு பக்கமாகச் சாயும் பிழை, அப்படியே நிற்கும். மேலே சொன்ன சூத்திரம் அதைக் காட்டாது. எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்