குட்டி தானே என்று விடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி வேலை முடிந்தது. மற்றது பிறகு.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் போட்டேன். நீல டிக் வந்தது, பேச்சு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. "ரூம்மேட்டை நாய்க்குட்டி கீறிடுச்சு, ஊசி போடணுமா, எத்தனை நாளைக்குள்ள?" என்று கேட்டிருந்தாய். அந்த ரூம்மேட் கல்யாணத்துக்காகப் போன மாதமே ஊருக்குப் போய்விட்டாள் என்கிறாள் அம்மா. வேறு பெண் வந்திருப்பாள். யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான், அதனால் நான் கேட்கவில்லை.

ஊசி போட வேண்டும். இன்றைக்கே.

குட்டிக்கு என்ன நோய் என்பார்கள். வெறிநோய்க் (ரேபிஸ்) கிருமி வயது பார்ப்பதில்லை. நாய்க்கு முதல் தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான் போடுவோம். தெருக்குட்டிக்கு யார் போட்டிருப்பார்கள்? நகத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்காதே. காலை நக்கிக்கொண்டே இருக்கிற ஜீவன், எச்சில் நகத்தில்தான் ஒட்டியிருக்கும். நம் வீட்டில் "குட்டி தானே" என்று விட்டது உனக்குத் தெரியும். அதை மறுபடி எழுதவில்லை.

தொட்டது, சோறு போட்டது, கிழியாத தோலை நக்கியது, இதற்கெல்லாம் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், லேசாகப் பல் பட்டது என்றால் தடுப்பூசி. ரத்தம் கசிந்தாலோ, பல் இறங்கினாலோ, ஏற்கனவே இருந்த புண்ணையோ வாய், கண்ணையோ நக்கினாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற இன்னொரு ஊசியும் வேண்டும். கீறல் மேல் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பார்க்கச் சொல். எரிந்தால் தோல் கிழிந்திருக்கிறது. எரியவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் கழுவுவது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம், கடிகாரம் பார்த்து. அந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பு உறை; சோப்பு அதைக் கரைத்துவிடும். நாள் கடந்திருந்தாலும் கழுவலாம், நஷ்டமில்லை. பிறகு பெட்டடின். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஆயா இருந்திருந்தால் சுண்ணாம்பு வைத்திருப்பாள், அதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டக்கூடாது.

தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்று பயந்தால், அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. அதை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. இப்போது மேல்கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுவார்கள், இரண்டு கையிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28ஆம் நாள். தனியாரில் பெரும்பாலும் தசையில், 14ஆம் நாளும் சேர்த்து ஐந்து ஊசி. முதல் ஊசி நாளைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும், இங்கேதான் பலரும் குழம்புவார்கள். 1ஆம் தேதி தொடங்கினால் அடுத்தது 4, 8, 29. தசையில் என்றால் 15ஆம் தேதியும். இடுப்பில் போட வந்தால் வேண்டாம் என்று சொல். அங்கே கொழுப்பில் தங்கிவிடும், சரியாகப் பிடிக்காது. ஒரு நாள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பத்தியம் கிடையாது, குளிக்கலாம், கறி சாப்பிடலாம்.

தடுப்பூசி போட்டும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், அது தயாராகவே இருக்கும் எதிர்ப்புப் பொருள். குதிரையிலிருந்து எடுத்தது கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிலிருந்து எடுத்தது 20. 55 கிலோ என்றால் குதிரை மருந்து 2200 யூனிட். உன் எடை 55தானே? அதைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் செலுத்த வேண்டும். வலிக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல். முதல் நாள் கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம். அதற்குப் பிறகு தேவையில்லை.

24 மணி நேரம் தாண்டினால் பிரயோஜனமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அன்றைக்கே போடுவது நல்லது. ஆனால் வாரம், மாதம் ஆகியிருந்தாலும் புதிதாகக் கடித்த மாதிரியே தொடங்க வேண்டும். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு மெதுவாக ஏறுகிறது, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம், சிலருக்கு வருஷம் தாண்டியும். முகம், கழுத்து, விரல் என்றால் சீக்கிரம். ஏறுவதற்குள் ஊசி முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அறிகுறி வந்த பிறகு மருந்து இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

குட்டியைப் பத்து நாள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்காமல் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். பத்து நாள் கழித்தும் ஓடியாடிக்கொண்டிருந்தால் மிச்ச ஊசியில் எது வேண்டும் என்று டாக்டர் சொல்வார். காணாமல் போனாலோ செத்தாலோ எல்லா ஊசியும் கட்டாயம்.

ஹைதராபாதில் நாராயணகுடா ஐ.பி.எம். (அரசு நோய்த்தடுப்பு நிலையம்), நல்லகுண்டா ஃபீவர் ஆஸ்பத்திரி இரண்டும் நாய்க்கடிக்குத் தெரிந்த இடம். ஆட்டோக்காரரே கொண்டுபோய் விடுவார்.

எம்.டெக். படித்து, ஆபீசில் இத்தனை பேருக்கு வேலை சொல்லுகிறவள், கண்ட இடத்தில் தேடாமல் அப்பாவைக் கேட்டாயே, அதில் எனக்குப் பெருமைதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாயே, அது என்ன பழக்கம்? நாய்க்குச் சோறு போடாதே என்று நான் சொன்னதில்லை, சொன்னது அம்மா. அவளும் இப்போது ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தப் பெண்ணிடம் சொல், அவள் வீட்டிலும் யாரும் திட்டமாட்டார்கள்.

பாதி ஊசியில் ஊருக்கு வர வேண்டியிருந்தாலும் மிச்சத்தை அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் போடலாம். தோலிலா தசையிலா என்று தெரிய வேண்டும், அதனால் ஊசி போட்டதை எழுதித் தரும் கார்டு கையில் இருக்கணும். காட்பாடிக்கு எந்த ரயில் என்று சொன்னால் தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வருவான்.

முதல் ஊசி போட்டதும் அந்தக் கார்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பெயர் இருக்கிற இடத்தை விரலால் மறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, தேதி தெரிந்தால் போதும்.

அப்பா