மேடத்துக்கு, சாவியை ஒப்படைத்த பிறகு

மேடம்,

மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டும் நம் டிஎம்எஸ் லேபின் சாவியையும், தலையில் வைக்கும் காயில்களின் பட்டியலையும் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். திங்கள் முதல் கிளினிக் வேலை. நேரில் வந்திருக்க வேண்டும். வந்தால் "அவசரப்படாதே, யோசிச்சுச் சொல்லு" என்பீர்கள். யோசிக்கப் போனால் இன்னொரு வருடம் ஓடிவிடும். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். துறைக்காரர்கள் நாலு பேர் இதைப் படிப்பார்கள், அதனால் சிலதை விழுங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கத்திரி வெயில் மதியம் மனதை விட்டுப் போகவில்லை. எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியும் அந்த அம்மா தலை வழிய தேங்காய் எண்ணெயோடு வந்திருந்தார். கொண்டை, மல்லிகைச் சரம், உள்ளே ஹேர்பின்கள். தொப்பி வழுக்கியது. மெஷின் பவரை 62 சதவீதம் வைத்தும், கைத் தசையின் மின்னசைவைக் காட்டும் ஈஎம்ஜி கோடு அசையவில்லை. யாராக இருந்தாலும் பவரைத்தான் ஏற்றியிருப்பார்கள். நீங்கள் மெஷினைத் தொடவே இல்லை. பின்களை ஒவ்வொன்றாக எடுத்தீர்கள், பூவைத் தட்டில் வைத்தீர்கள், கொண்டையை அவிழ்த்து முடியை இரண்டாக வகிர்ந்து, துண்டால் துடைத்தீர்கள். "காயில் ஒரு மில்லிமீட்டர் விலகினா 3 சதவீதம் போச்சு. முடிக்கும் கணக்கு உண்டு."

காயில் உச்சியிலிருந்து இடப்பக்கம் 5 சென்டிமீட்டர், கைப்பிடி பின்னால், நடுக்கோட்டுக்கு 45 டிகிரி. அங்கிருந்து அரை அரை சென்டிமீட்டராக நகர்த்தி, கைத் தசைத் துடிப்பு பெரிதாக வந்த இடத்தில் தொப்பி மேல் பேனாப் புள்ளி. அப்போதும் ஈஎம்ஜியின் அடிக்கோடு தடித்தே இருந்தது. அந்த அம்மா கையை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுகிய தசையில் த்ரெஷோல்டு, அதாவது தசை துடிக்கத் தேவையான குறைந்தபட்ச பவர், பொய்யாகக் குறையும். தலையணையில் கையை வைத்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டீர்கள். வத்தக்குழம்பில் அவர் இறங்கியதும் கோடு மெலிந்தது. பத்துக்கு ஐந்து முறை 50 மைக்ரோவோல்ட், 48 சதவீதத்தில்; அதுதான் அவர் த்ரெஷோல்டு. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டிஎம்எஸ்ஸை முதலில் செய்துகாட்டிய பார்க்கர் குழு பார்த்ததும் இப்படி ஒரு கை அசைவைத்தான். உங்கள் முகத்தில் அன்றைக்கும் அது புதுசாகவே இருந்தது.

அதே அம்மாவைத்தான் பிறகு "அவுட்லையர்", கணக்கில் சேராத ஆள், என்றீர்கள்.

தீட்டா பர்ஸ்ட் முறையில், அதாவது கொத்துக் கொத்தாக, 600 காந்தத் துடிப்பு கொடுத்தபின் அவருக்கு ஏற வேண்டிய கைத் தசைத் துடிப்பு இறங்கியது. இன்னும் பலருக்கும் அப்படித்தான். சராசரி போட்டால் பூஜ்யம். ஹமாடா என்ற ஆய்வாளர் 2013-லேயே 52 பேரை வைத்து இதைக் காட்டிவிட்டாரே மேடம். நம் டேட்டா கெட்டது இல்லை, அதுவே விடை. ஆள் எண்ணிக்கை போதாது என்று மூடி வைத்தீர்கள். மானியம் புதுப்பிக்கும் நேரம், யார் எங்கிருந்து அழுத்தினார்கள் என்பது எனக்கும் தெரியும், இங்கே எழுத மாட்டேன். தெரிந்தும் கோபம் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கைத் தசையில் இப்படித் தள்ளாடும் அதே தீட்டா பர்ஸ்ட், மன அழுத்த நோய்க்கு நன்றாகவே நிற்கிறது. 2018-ல் வெளியான 414 பேர் சோதனையில் 37.5 நிமிட 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 10 துடிப்பு) சிகிச்சைக்கு மூன்று நிமிட பர்ஸ்ட் சளைக்கவில்லை. "கிளினிக் என்பது பட்டனை அமுக்குகிற வேலை" என்று நீங்கள் ஒருமுறை சொன்னது இன்னும் சுடுகிறது. போகிற இடத்தில் விரல் ஆடுவதைக் கண்ணால் பார்த்தே த்ரெஷோல்டு குறிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிய அதிக பவர் வேண்டும். அந்த அளவை 120 சதவீதமாக்கி நெற்றிப் பக்கம் அடித்தால் சுள்ளென்று வலிக்கும், மூன்றாம் நாள் ஆள் வரமாட்டார். ஈஎம்ஜி வாங்கச் சொல்லிவிட்டேன். வாரம் ஒருமுறை திரும்ப அளப்பது, மருந்து மாறினாலோ இரவு தூங்காமல் வந்தாலோ அன்றைக்கே அளப்பது, இதற்கும் தலையாட்டியிருக்கிறார்கள். பவர் மிஞ்சி வலிப்பு வந்தபின் யோசிக்க முடியாதே. இதெல்லாம் யாரிடம் படித்தது?

சின்ன காயில் வெயில் நாளில் சீக்கிரம் 40 டிகிரியைத் தாண்டி நின்றுவிடுகிறது. புதுப் பையனிடம் இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். டேட்டாவின் பிரதி இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில், ஒருவரையும் நீக்காமல் இருக்கிறது. இதழில் இல்லாவிட்டாலும் இணையத்தில் ப்ரீபிரிண்டாகவாவது போடுங்கள். என் பெயர் இடிக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.